தட்டும் தறியும்: தாமிரபரணிக் கரையில் வீட்டிலிருந்து உழைக்கும் தாய்மார்

வீட்டிலிருந்தே ஊதியத்துக்கு உழைத்துக்கொண்டு குழந்தையையும் வளர்க்கும் தாய் என்றதும், மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கும் நகரத்துப் பெண்ணே இன்று பலருடைய நினைவுக்கு வந்தாலும், தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அந்தத் தாய் கணினிக்கு வெகுகாலம் மூத்தவள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவளும், கல்லிடைக்குறிச்சியில் உளுந்து மாவை அப்பளமாகத் தேய்ப்பவளும், முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றுபவளும் அவ்வகையினரே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் இயற்றிய 177-ஆம் உடன்படிக்கை, வேலை கொடுப்பவரின் தொழிலிடத்தில் அல்லாமல் தம் வீட்டிலோ தாம் தேர்ந்த வேறோர் இடத்திலோ இருந்து, அவர் குறித்த பொருளை ஊதியத்துக்குச் செய்து தருபவர் என்று இவர்களை வரையறுக்கிறது. இந்தியா அதனை இன்னும் ஏற்கவில்லை.

இத்தகைய தாயின் நாளுக்கு வடிவம் கொடுப்பது இடையூறு. தொட்டிலில் குழந்தை அழும், அடுப்பில் பால் பொங்கும், குழாயில் தண்ணீர் வரும். ஆகவே நடுவில் விட்டு எழவும், திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடங்கவும் இடம் தருகிற தொழிலே அவளுக்கு இசைகிறது. பத்தமடைப் பாய் அப்படிப்பட்டது. ஆற்றோரத்தில் விளையும் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மீண்டும் உலர்த்தி, நுண்ணிய இழைகளாகக் கிழித்த பிறகு, தரையோடு தரையாகக் கட்டிய தறியில் பாவு நூலுக்குக் குறுக்கே ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்கிறார்கள். பட்டுப்பாய் எனப்படும் மிக நுண்ணிய வகை துணிபோல் மடியும். அதை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். எழுந்து போனவள் வரும்வரை பாய் அவள் விட்ட இழையிலேயே நிற்கிறது. தன் கையால் ஒரு முழுப்பொருள் உருவாவதை நாள்தோறும் விரல் விரலாகக் காணும் நிறைவு இத்தொழிலில் உண்டு. திருமணத்துக்கென நெய்யும் பாயில் மணமக்களின் பெயர்களையும் இழையிலேயே அமைப்பது வழக்கம். நெய்தவளின் பெயர் அதில் இருப்பதில்லை. புவிசார் குறியீடு பெற்று ஊரின் பெயரைக் காத்துக்கொண்ட ஒரு பொருளில், செய்தவளின் பெயருக்கும் ஓர் ஓரம் ஒதுக்குவது பெரிய காரியமாகாது.

பீடியில் இத்தகைய அழகு எதுவுமில்லை. அது புகையிலைத் தூளை நாளெல்லாம் மூச்சோடு உள்ளிழுக்கச் செய்யும் தொழில் என்பதை மறைத்துவிட்டு அதில் காணும் நிறைவைப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ஏராளமான வீடுகளின் பள்ளிக் கட்டணத்தையும் பெண்ணின் நகையையும் தேடித் தந்தது அதுவே. வேலை கொடுக்கும் பீடிக் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவாக வெட்டி, மடியில் வைத்த தட்டில் தூளிட்டுச் சுற்றி, நூலால் கட்டி, முனை மடக்கி, கட்டுக் கட்டாக எண்ணிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்; கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் நாலைந்து பேர் தட்டோடு கூடும்போது, ஒருத்தியின் குழந்தையை இன்னொருத்தி பார்த்துக்கொள்வதும், கை ஓடிக்கொண்டிருக்க வாய் ஊர்க்கதை பேசுவதும் இயல்பாக நடக்கின்றன. மடிக்கணினியோடு தனியறையில் அடைபட்ட தாய்க்கு இந்தக் கூட்டு வாய்ப்பதில்லை.

எண்ணிக் கொடுத்த பீடியில் ஒரு பகுதியைச் சரியில்லை என்று கடையில் கழித்துவிடுவது, சுற்றியவளின் இலையையும் நேரத்தையும் ஒருசேர வீணாக்கும் வழக்கம். வியப்பு என்னவென்றால், அவளைத் தொழிலாளி என்று நிலைநாட்டியதும் அதுவே. வீட்டில் சுற்றுபவரையும் 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிலாளராக ஏற்றிருந்தபோதும், அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, அதாவது தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் பங்கு செலுத்தும் சேமிப்பு, உரியதன்று என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டனர். பொருளை ஏற்கவும் கழிக்கவும் உரிமை வைத்திருப்பதே வேலையின்மீது கொண்ட கட்டுப்பாடாகும் என்று கூறி, 1985-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அதுமுதல், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று மட்டுமே அறியப்பட்டவள் தன் பெயரில் ஒரு கணக்குக்கு உரிமை உடையவள் என்பது சட்டத்தின் முன் உறுதியாயிற்று.

வீட்டில் ‘சும்மா இருப்பதாக’ச் சொல்லப்படும் பெண்ணின் நாளை, 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அளந்து காட்டியது. ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிட, அப்பணியில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமே செலவிட்டனர். தட்டுக்கும் தறிக்கும் கிடைப்பது அந்த 289 நிமிடம் போக மிஞ்சிய நேரமே. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் ‘உரிமைத்தொகை’ எனப் பெயர் பெற்றது, வீட்டுப்பணியும் உழைப்பே என்னும் எண்ணத்தால்தான். தொகை சிறிதெனினும் சொல் சரியானது.

வேலையின் மகிழ்ச்சியை மனப்பக்குவத்தின் பயனாக மட்டும் விளக்கும் அறிவுரைகள் மிகுந்துள்ளன. இப்பள்ளத்தாக்கின் தாய்மாரைக் கவனித்தால், அந்த மகிழ்ச்சி எண்ணிக்கை முடிந்த கட்டிலும், கூலியைத் தானே வாங்கிச் செலவைத் தானே முடிவு செய்வதிலும், அருகில் அமர்ந்த அண்டைவீட்டுக்காரியிடத்திலும் தங்கியிருப்பது தெரியும். மகளின் கையில் தட்டு ஏறக் கூடாது, புத்தகமே இருக்க வேண்டும் என்று எண்ணித் தன் தட்டை எடுக்கும் பீடிக்காரியின் நோக்கமும் அவ்வாறே கண்ணுக்குத் தெரிவது. பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென நடுவண் அரசு வழங்கும் கல்வி உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் அவள் விண்ணப்பிக்கும்போது, அதில் இணைக்க வேண்டிய சான்று அவளுடைய பெயரிலுள்ள தொழிலாளர் அடையாள அட்டை.