கரிசல் காட்டுப் படமும் களவுச் சந்தையும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் வழியில், புரட்டாசி பிறந்தும் மழை காணாது வெடிப்போடிக் கிடக்கும் கரிசல் காட்டை ஒரு நிமிஷ நேரம் சலனப்படமாகப் பிடிப்பதற்கு என்ன செலவாகும் என்று யாரேனும் கணக்கிட்டதுண்டா? காமிரா வாங்கிய கடனுக்கு வட்டி ஒரு புறம் இருக்கட்டும். முதல் மழை விழும் நாளைப் பஞ்சாங்கமும் நிச்சயமாய்ச் சொல்லாது. அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மழை விழுந்த பின்னும், ஏர் பூட்டுவதற்கேற்ற பதம் கரிசலில் சில நாட்களே நிற்கும். அந்நாட்களைத் தவறவிட்டால் அப்புறம் மறு வருஷந்தான். விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, சேற்றில் இறங்கி நின்று எடுக்கப்படும் படம் அது. அதை நமது தாலூகாவைச் சேர்ந்த ஓர் இளைஞன் யூடியூபில் வெளியிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் அதே உழவு, அதே மேகம், அதே காளைகள் வேறொருவன் பெயரில் அயல்நாட்டுப் படச் சந்தையொன்றில் டாலர் விலைக்கு அடுக்கப்பட்டிருக்கக் காண்கிறான். இவ்வக்கிரமம் இன்று உலகெங்கும் ஒரு தொழிலாகவே நடைபெறுகிறது.

இந்தச் சந்தை இன்னதென்று அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். விளம்பரம் செய்வோரும், தொலைக்காட்சிக்காரரும், டாகுமெண்டரி எடுப்போரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஆள் அனுப்பிப் படம் பிடிப்பதில்லை. 'இந்திய விவசாயி', 'வறண்ட நிலம்', 'பருவமழை' என்று தேடினால் பத்து வினாடி, இருபது வினாடித் துணுக்குகளாக ஆயிரக்கணக்கில் விற்கும் இணையக் கடைகள் இருக்கின்றன. ஷட்டர்ஸ்டாக், கெட்டி, அடோபி ஸ்டாக், பாண்ட்5 முதலியவை அவற்றிற் பெரியவை. யார் வேண்டுமானாலும் இக்கடைகளுக்குப் படம் அனுப்பலாம். விற்ற பணத்தில் ஒரு பங்கு அனுப்பியவனுக்கு, மீதி கடைக்கு. ஷட்டர்ஸ்டாக் கம்பெனி 2020-ம் வருஷம் ஏற்படுத்திய விகிதப்படி, படம் தந்தவனுக்கு நூற்றுக்கு 15 முதல் 40 வரை. படம் அனுப்புகிறவன் 'இது என் சொந்தப் படம்' என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். அந்தக் குறிதான் அவனுக்குப் பத்திரம், பட்டா, சாட்சி எல்லாம்.

திருடுகிறவனுடைய சாமர்த்தியமும் பெரிதல்ல. படத்தை இறக்கிக்கொள்கிறான், உரியவன் பெயர் ஓரத்தில் இருந்தால் ஓரத்தையே வெட்டிவிடுகிறான், குரலை நீக்குகிறான், வர்ணத்தைச் சிறிது மாற்றுகிறான். இயந்திரச் சோதனையில் அகப்படாதிருக்கப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அப்பொழுது கடைப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் உள்ள தமிழ் எழுத்துக்கள் கண்ணாடியிற் காண்பதுபோல் தலைகீழாய் நிற்கும். தமிழ் தெரியாத அயல்நாட்டுச் சோதனைக்காரருக்கு அதுவும் ஓர் அழகாகவே தோன்றும் போலும்!

இதனினும் கொடியது ஒன்று உண்டு. திருட்டுத் துணுக்கை நல்லெண்ணத்தோடு விலைக்கு வாங்கிய ஒரு தொலைக்காட்சி நிறுவனம், தன் நிகழ்ச்சியை யூடியூபின் தானியங்கிக் காவலில் பதிந்துவைக்கலாம். அந்தக் காவல் எழுத்தறியாக் காவல். முதலில் வந்தவன் யார் என்று விசாரியாது. படம் பிடித்தவனையே படத்திருடன் என்று பிடித்துக்கொள்ளும்.

இது கற்பனையல்ல என்பதற்கு இரண்டு வழக்குகளை எடுத்துக்காட்டுவோம். இரண்டும் சலனமற்ற புகைப்படங்களைப் பற்றியவை. ஆனால் கடையும் முறையும் ஒன்றே. 2010-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் அழித்தபோது, அந்நாட்டவரான டேனியல் மொரேல் என்னும் புகைப்படக்காரர் இடிபாடுகளுக்கிடையே படமெடுத்து அன்றே ட்விட்டரில் வெளியிட்டார். பக்கத்து நாட்டான் ஒருவன் அவற்றைத் தன் படங்கள் என்று மறுவெளியீடு செய்தான். பிரெஞ்சுச் செய்தி ஸ்தாபனமான ஏ.எப்.பி. அவற்றை எடுத்து அந்த மனிதன் பெயரிலேயே விநியோகித்தது. கெட்டி நிறுவனம் விற்றது. மொரேல் ஆட்சேபித்தபோது என்ன நடந்தது? ஏ.எப்.பி.யே முந்திக்கொண்டு அவர்மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது! பொருள் பறிகொடுத்தவன் பிரதிவாதியாய் நின்ற விநோதம் அது. ஆனால் மொரேல் தளரவில்லை. எதிர்வழக்காடி, 2013-ம் வருஷம் நவம்பரில் ஜூரர்களின் தீர்ப்பில் சுமார் 12 லட்சம் டாலர் நஷ்டஈடு பெற்றார்.

மற்றொன்று அமெரிக்கப் பெண்மணி கரோல் ஹைஸ்மித் அம்மையாரின் வழக்கு. இவர் தம் வாழ்நாட் சேகரிப்பான படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்திற்கு, ஜனங்கள் இலவசமாய்ப் பயன்படுத்தட்டும் என்று தானம் செய்துவந்தவர். 2015-ம் வருஷக் கடைசியில், ஒரு படக் கம்பெனியின் சார்பாக அவருக்கு ஒரு கடிதம் வந்தது: 'உங்கள் இணையதளத்தில் எங்கள் படமொன்றை அனுமதியின்றிப் பிரசுரித்திருக்கிறீர்கள், 120 டாலர் செலுத்துக' என்று. அந்தப் படம் அவரே எடுத்தது. தோண்டிப் பார்த்தால், கெட்டியின் கடையில் மட்டும் அவருடைய படங்கள் 18,000-க்கு மேல் விலைக்கு வைக்கப்பட்டிருந்தன. 2016-ல் நூறு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். பொதுவுக்கு விட்டவர் உரிமை கோர முடியாது என்று எதிர்த்தரப்பார் வாதித்தனர். வழக்கின் முக்கியப் பகுதி அவ்வருஷமே தள்ளுபடியாயிற்று. ஊருக்கென்று வெட்டிய கிணற்றின் மேல் ஒருவன் உட்கார்ந்துகொண்டு குடத்துக்குக் காசு வாங்கினால், வெட்டியவனுக்கே கேட்க நாதியில்லை என்பதுதானே இதன் பொருள்?

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். 'கலை பொதுச் சொத்தல்லவா? எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் பாடல்களையே பொதுவுடைமையாக்கினோமே!' உண்மை. அதை எப்படி ஆக்கினோம் என்பதையும் நினைவுகூர வேண்டும். பாடல்களின் உரிமை தனிப்பட்டவர் கையிலிருந்தது. தமிழறிஞரும் தேசபக்தரும் கிளர்ச்சி செய்தனர். 1949-ம் வருஷம் சென்னை ஸர்க்கார் உரிமையைப் பெற்றது. குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்தது. பின்னர் ஜனங்களுக்கு விட்டது. பாரதியின் பெயரை எவரும் வெட்டிவிடவில்லை. இன்றைய படக் களவில் பொதுவாவது ஒன்றுமில்லை. ஒருவன் பையிலிருந்து எடுத்து இன்னொருவன் பையில் போடுவது எந்த அகராதியிற் பொதுவுடைமை?

கோவில்பட்டிக்கு இவ்விஷயம் புதிதுமன்று. நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிவந்த சி. கொண்டைய ராஜு 1940-களில் இவ்வூரிலே தங்கி, 1976-ல் மறையும்வரை தம் சீடர்களுடன் எழுதிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியாகக் காலண்டர்களில் ஏறித் தென்னாடெங்கும் பூஜை அறைகளை நிறைத்தன. கும்பிட்டவர் எத்தனை லட்சம்! படத்தின் மூலையிலிருந்த கையெழுத்தைப் படித்தவர் எத்தனை பேர்? ஆயினும் கையெழுத்தாவது மூலையில் இருந்தது. கூலிக்கு எழுதிய சித்திரத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எழுதச் சொன்னவருக்கே சேரும் என்று 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் அதே சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையை விற்ற பின்னும் 'இதை ஆக்கியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கலைஞனை விட்டு நீங்காது என்கிறது. புதுடில்லி விஞ்ஞான பவனில் தாம் செய்த சுவர்ச் சிற்பத்தை ஸர்க்கார் பெயர்த்தெடுத்துக் குப்பையாய்ப் போட்டதற்காக, சிற்பி அமர்நாத் ஸேகல் டில்லி ஹைகோர்ட்டில் 2005-ல் வென்றது இப்பிரிவின் பலத்தினால்தான்.

தன் செலவில், தன் விருப்பத்தில் படம் பிடிக்கும் இளைஞன் நிலை இன்னும் பலமானது. வீடியோவும் சட்டத்தின் கண்ணுக்குச் சினிமாப் படமே. அதன் தயாரிப்பாளனும் அவன், ஆசிரியனும் அவன், சொந்தக்காரனும் அவன். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டுவதில்லை. உரிமை, வெளியிட்ட பின் 60 வருஷம் நிற்கும். அதை அறிந்தே மீறியவனுக்கு 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. இக்குற்றத்தில் மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவை எதிர்பாராமலே போலீஸார் வழக்குப் பதியலாம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியிருக்கிறது. ஆகையால், 'இது சிவில் விவகாரம், போய்வா' என்று ஸ்டேஷன் வாசலிலேயே திருப்பியனுப்ப இனி இடமில்லை. ஓரத்திலிருந்த பெயரை வேண்டுமென்றே வெட்டினாலோ, 2012-ல் சேர்க்கப்பட்ட 65-பி பிரிவின்படி அதுவே தனிக் குற்றம்.

எல்லாவற்றிலும் நமக்கு முக்கியமானது 62-வது பிரிவு. பிரதிவாதி இருக்கும் ஊரைத் தேடி அலைய வேண்டாம். வாதி குடியிருக்கும் எல்லையிலேயே ஜில்லா நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்கிறது அது. விளாத்திகுளத்துக்காரன் கலிபோர்னியாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாற் போதும். இங்கு பெறும் டிக்ரியை அமெரிக்காவில் நிறைவேற்றுவது வேறொரு நெடுங்கதைதான். ஆனால் இந்தியாவில் விளம்பரதாரருக்கு விற்றுப் பணம் பண்ணும் கம்பெனி இந்திய நீதிமன்றத்தின் தடையுத்தரவை அலட்சியம் செய்யத் துணியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். 'நாங்கள் வெறும் தபால் பெட்டி' என்று இக்கடைகள் சொல்லும் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. எந்தத் தபால் பெட்டி கடிதத்துக்குக் கடிதம் தரகு வாங்குகிறது? பொட்டலத்தை அவிழ்த்துப் பாராமல், 'என் சொந்தம்' என்றவன் வாய்ச்சொல்லை நம்பிப் பங்கு பெற்றுக்கொள்பவனை நம் ஊரில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

படம் பிடித்தவனோடு இது முடிவதுமில்லை. அந்தப் படத்தினுள் ஒரு முகம் இருக்கிறது. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கும் பெண், மிளகாய்ப் பழம் பறிக்கும் கிழவி, கல்யாண வீட்டு மணமகள்! முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கு விற்க, அந்த நபர் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் வேண்டும் என்று இக்கடைகளே விதி செய்திருக்கின்றன. திருடனுக்கு அந்தச் சம்மதம் எங்கிருந்து வரும்? போலிப் பத்திரம் வைக்கிறான். அல்லது 'செய்திக்கு மட்டும்' என்ற இனத்தில் தள்ளிவிடுகிறான். தன் அம்மாளின் முகம் ஏதோ ஒரு வட்டிக் கம்பெனியின் விளம்பரத்தில் 'கடனால் வாழ்வு பெற்ற பெண்' என்று சிரிப்பதை ஒரு மகன் காண நேர்ந்தால்? ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று, 'நக்கீரன்' ஆசிரியர் வழக்கில் 1994-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கூலி பெற்றுக் கல்யாணப் படம் எடுப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் படத்தின் சொந்தக்காரர், ஒப்பந்தம் வேறாக இல்லாவிட்டால், பணம் கொடுத்த வீட்டார்.

நமது கருங்கண்ணிப் பருத்தி ஒரு காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பொதியாய்ப் போயிற்று. துணி அங்கிருந்து வந்தது. அப்பொழுதாவது பஞ்சுக்கு, எவ்வளவு அற்பமாயினும், ஒரு விலை கொடுத்தார்கள். இன்று காட்சியைக் கொண்டுபோகிறவர் அதுவும் கொடுப்பதில்லை.

தன் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு பெற்று, அந்தப் பெயரைப் பிறர் எடுத்தாளாதபடி காத்துக்கொண்ட ஊர் கோவில்பட்டி. அந்த ஒற்றுமை படம் பிடிப்போருக்கும் ஏன் வரலாகாது? காமிராவில் பதிந்த மூலக் கோப்பை, தேதியும் நேரமும் அழியாமல், இரண்டு இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும். திருடனிடம் இருப்பது இணையத்தில் நசுங்கிய நகல். மூலம் அவனிடம் ஒருநாளும் இராது. கடைக்காரரையும் இந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்த பின்பே விற்கும்படி கட்டாயப்படுத்தும் விதியொன்றை இந்திய ஸர்க்கார் செய்ய வேண்டும். நமது பாராளுமன்ற அங்கத்தினர்கள் இதைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

அதுவரை, வக்கீல் தொழிலிலுள்ள தேசத் தொண்டர்கள் ஒவ்வொரு தாலூகாவிலும் இந்த இளைஞர்களுக்கு முதல் நோட்டீசைக் கட்டணமின்றி எழுதிக்கொடுக்கலாம். 2013-ம் வருஷத்துப் பதிப்புரிமை விதிகளில் 75-வது விதி அதற்கு வழி காட்டுகிறது. படம் இன்னது, உரியவன் இன்னான், களவுப் பிரதி இருக்கும் இடம் இன்னது என்று குறித்து, 21 நாட்களுக்குள் கோர்ட்டு உத்தரவு கொண்டுவருவதாக உறுதிமொழியும் எழுதி அனுப்ப வேண்டும். நோட்டீசு போய்ச் சேர்ந்ததிலிருந்து 36 மணி நேரத்திற்குள் அந்தப் பிரதியைப் பார்வையிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி.