கத்தி செய்ய வீட்டிலேயே மின் உலை: கட்டலாம்தான், ஆனால் எதைக் கவனிக்க வேண்டும்?

திருமலை கல்யாணகட்டாவில் மொட்டை போட்டிருக்கிறீர்களா? தலையில் ஓடிய அந்தப் பிளேடு காகிதம் மாதிரி மெல்லிசு. ஆனாலும் முடியை வழுக்கிக்கொண்டு எடுக்கிறது. நல்ல எஃகு என்பது பாதிக் காரணம்தான். சவர பிளேடுக்கான தகட்டை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்விப்பார்கள். அந்தச் சூடுதான் மீதிப் பாதி.

மலையிலிருந்து இறங்கி ஸ்ரீகாளஹஸ்தி ரோட்டில் போனால் ராச்சகுன்னேரி வரும். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அங்கே குடிநீர்த் திட்டங்களுக்கான டக்டைல் இரும்புக் குழாய்கள் தயாராகின்றன. இந்த வகைக் குழாயை வார்த்த பிறகு மறுபடியும் உலையில் விடுவார்கள். ஆனால் நோக்கம் நேர் எதிர்: குழாய் உடையாமல் இருக்க, அதை இளக வைப்பது.

பிளேடைக் கடினமாக்குவதும் சூடு, குழாயை இளக்குவதும் சூடு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் குளிர்ச்சி என்பதில்தான் வித்தியாசம். வார இறுதியில் கத்தி செய்துபார்க்கும் ஆசை இருந்தால், நீங்கள் கட்டவேண்டிய உலையின் வேலையும் இதுதான்.

கொல்லர்கள் உலை இல்லாமலா செய்தார்கள்?

தெலுங்கில் எஃகுக்கு 'உக்கு' என்று பெயர். உலகம் 'வூட்ஸ்' என்று கொண்டாடிய தென்னிந்திய எஃகின் பெயர், இந்தச் சொல்லின் கன்னட, தெலுங்கு வடிவத்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. மூடிய மண் மூசைகளில் இதை உருக்கியதற்கான தடயங்கள் தமிழ்நாட்டில் கொடுமணல், மேல்சிறுவலூர் போன்ற இடங்களில் கிடைத்திருக்கின்றன. 1819-இல் மைக்கேல் ஃபாரடேவே இந்த எஃகை ஆய்வு செய்தார்.

அந்தக் கொல்லர்களிடம் தெர்மாமீட்டர் இல்லை. நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொன்னார்கள். திருப்பதி வெயிலில் நடுப்பகலில் மங்கலாகத் தெரியும் அதே சிவப்பு, இருட்டில் பளிச்சென்று தெரியும். பட்டறையின் உலைப் பக்கம் இருட்டாக இருப்பது அதற்கும் உதவும். பல வருடப் பழக்கத்தில் வரும் கண் அது. நமக்கு அது இல்லை, அதனால் கருவி வேண்டும்.

கேஸ் அடுப்பு போதாதா?

கமான் பட்டை மாதிரி எளிய எஃகுக்கு, பழகிய கை இருந்தால், போதும். ஆனால் பேரிங் செய்யப் பயன்படும் இஎன்-31 எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1% கார்பன், 1.5% குரோமியம். இதைக் கிட்டத்தட்ட 840 டிகிரியில் பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே நிறுத்தவேண்டும். அப்போதுதான் குரோமியத்தோடு பிணைந்திருக்கும் கார்பன் இரும்புக்குள் தேவையான அளவு கரையும்.

'காந்தம் ஒட்டலைன்னா சூடு ரெடி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரும்பு 770 டிகிரியில் காந்தத் தன்மையை இழக்கும். இந்த எஃகுக்கு இன்னும் 70 டிகிரி தேவை. ரொம்ப அதிகமாகப் போனாலோ உள்ளிருக்கும் மணிகள் பெருத்து, கத்தி கண்ணாடி மாதிரி உடையும். ஆக, உலை நமக்குத் தருவது வெறும் சூடு இல்லை, நிலையான சூடு.

உள்ளே என்ன இருக்கும்?

கையில் எடுத்தால் லேசாக இருக்கும் இன்சுலேஷன் ஃபயர் பிரிக், அதில் வெட்டிய பள்ளத்தில் காந்தல் கம்பிச் சுருள், சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள், அதைப் படித்து மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் பிஐடி கண்ட்ரோலர், அதன் சொல்படி சுவிட்ச் போடும் சாலிட் ஸ்டேட் ரிலே. அவ்வளவுதான்.

கணக்கும் எளிது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுருளின் தடை 21 ஓம் என்றால் சுமார் 11 ஆம்பியர், அதாவது 2.5 கிலோவாட். சமையலறைக் கத்தி நுழையும் சின்ன உலைக்கு இது போதும். 16 ஆம்பியர் பிளக்கும் தாங்கும், ஆனால் அதற்கென்று தனி லைன் வேண்டும். 1.3 மி.மீ. காந்தல் ஏ-1 கம்பி என்றால் சுமார் 19 மீட்டர் வாங்கவேண்டும். செங்கல்லை அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் இல்லாமல் அறுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

பலர் தவறவிடும் இடம் இதுதான். சாலிட் ஸ்டேட் ரிலே பொதுவாக ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும். 'ஆஃப்' நிலையிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். கெட்டுப்போனால், பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதாவது கண்ட்ரோலரில் விளக்கு அணைந்திருக்கும், சுருளில் 230 வோல்ட் இருக்கும். நீங்கள் இரும்புக் கிடுக்கியால் கத்தியை எடுக்கும்போது நுனி சுருளில் பட்டால்?

அதனால் இந்த நான்கும் கட்டாயம். கதவைத் திறந்தவுடன் இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்சும் கான்டாக்டரும். வெளிக்கூட்டுக்கு எர்த். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சூடு எல்லை மீறினால் தனியாக நிறுத்தும் இன்னொரு கட்டுப்பாடு. முதல்முறை பிளக்கைச் செருகும் முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

உலையிலிருந்து எடுத்த பிறகு?

சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் கத்தியை நேராக இறக்குங்கள். கடலை எண்ணெய்கூடப் போதும். பட்டறைகளில் 'துவைச்சல்' என்பது இந்த வேலையைத்தான். கரைந்த கார்பன் வெளியே வர நேரமில்லாமல் சிக்கிக்கொள்ள, மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பு உருவாகும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பாத்திரத்தை மூடும் இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்போது கத்தி கடினம், ஆனால் கீழே விழுந்தால் உடையும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்தால் உறுதி வரும். இந்தச் சூட்டுக்குச் சமையலறை ஓடிஜி-யே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உபயோகம், விவசாயம், தொழில், அறிவியல் தேவைக்கான கத்திகளுக்கு ஆயுத விதிகள் 2016-இல் விலக்கு உண்டு. சித்தூர்க் கிளிமூக்கு மாங்காய் வெட்டும் கத்தி செய்வதில் சிக்கல் இல்லை. அப்படியில்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வாள், குத்துவாள், பட்டன் கத்தி எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

ஒன்றிரண்டு கத்திதான் செய்யப்போகிறீர்கள் என்றால் உலையே வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்துதரும் யூனிட்டுகள் இருக்கின்றன. எஃகின் பெயரையும் வேண்டிய கடினத்தையும் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். தொடர்ந்து செய்யும் எண்ணம் இருந்தால் உலை கட்டுங்கள். அப்போதும் காசு செலவழிக்கவேண்டிய முதல் பொருள் எஃகு அல்ல, அந்தக் கதவு சுவிட்சு.