திரும்பி வருதலும் கல்வியே!



பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும்போது நாம் செய்யும் ஆயத்தங்களுக்கு அளவே இல்லை. கடவுச்சீட்டு, விசா, வங்கிக் கடன், குளிருக்கான உடுப்பு முதல் ஊறுகாய்ப் பாட்டில் வரை ஒன்றையும் மறப்பதில்லை. உற்றார் உறவினர் வீடு தேடி வந்து துஆச் செய்து வழியனுப்புகின்றனர். ஆனால் அதே பிள்ளை படிப்பை முடித்துத் திரும்பும் நாள் நெருங்கும்போது, "எந்தத் தேதியில் வருகிறாய்? எத்தனை மணிக்கு விமானம்?" என்னும் இரண்டு கேள்விகளோடு நம் ஆயத்தம் முடிந்துவிடுகிறது. போவதற்குச் செலவிட்ட அக்கறையில் பாதியையேனும் திரும்புவதற்குச் செலவிட்டோமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் செவ்வாப்பேட்டை, சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயில் பாதையில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே உள்ள ஊர். அதிகாலை ரயிலில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குச் சென்று, இரவு வீடு திரும்பும் தந்தைமார் இங்கே பலர். முன்பெல்லாம் இத்தகைய குடும்பங்களில் வெளிநாடு என்றால் சம்பாதிக்கச் செல்லும் வளைகுடா நாடுகளே நினைவுக்கு வரும். போனவர் திரும்பினால் அவர் கொண்டுவரும் பெட்டியின் மீதே எல்லார் கண்ணும் இருக்கும். இன்றோ, இங்குள்ள கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு செமஸ்டரை மட்டும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடித்துவிட்டு வரும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் கிட்டத் தொடங்கியுள்ளது.

சிறு வயதில் எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், ஜெர்மனியில் இவ்வாறு ஒரு செமஸ்டரை முடிக்கும் தறுவாயில் எமக்கு எழுதியிருந்தார். "ஹஜ்ரத், தேர்வுகள் முடியப்போகின்றன. ஊருக்கு வர ஆசையாகவும் இருக்கிறது, அச்சமாகவும் இருக்கிறது. அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளக் கூடாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வெறுங்கையோடு வருகிறான் என்று நினைப்பார்களோ?" என்பது அவருடைய கேள்வி. அவருக்கு மட்டுமன்றி, அவரைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற எல்லார்க்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

இருபது இரவுகளின் படிப்பினை

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரி ஷரீஃபில் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ ஒரே வயதினரான இளைஞர்கள் சிலர் மார்க்கம் கற்பதற்காக மதீனா வந்து, பெருமானார் (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கினர். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்துள்ளீர்கள் என்று அன்புடன் விசாரித்தார்கள். பின்னர், குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று, அவர்களோடு தங்கி, கற்றவற்றை அவர்களுக்குக் கற்பிக்குமாறு பணித்து அனுப்பினார்கள்.

அந்த இளைஞர்கள் தங்கியது மூன்று வாரங்களுக்கும் குறைந்த காலமே. காலம் குறைவு என்பதற்காக அவர்களுடைய கல்வி குறைவாக மதிக்கப்படவில்லை. வீட்டை நினைத்து ஏங்கியது பலவீனமாகவும் கருதப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் திரும்பியபின் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. ஒருவர் வெறுங்கையோடு திரும்புகிறாரா இல்லையா என்பதை முடிவு செய்வது இந்த வேலைதான். பெட்டியின் எடையைக் கொண்டு அதனை அளக்க இயலாது.

ஆறு மாதம் சென்றவர். ஆயுள் முழுதும் தந்தவர்

இதற்கு நம் காலத்துச் சான்று, நம் தமிழகத்துச் சான்று ஒன்று உண்டு. ராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்வதற்குப் பணமின்றி நின்றபோது, அவருடைய தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வாறு படித்தவர் 1963 இல் அமெரிக்காவின் நாசா விண்வெளி நிறுவனத்திற்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். ஆறு மாதம் என்பது ஏறத்தாழ ஒரு செமஸ்டர்தானே! பட்டம் பெறும் படிப்பாக அது அமையவில்லை. ஆய்வு ராக்கெட்டுகளை ஏவும் நுட்பத்தை அறிந்து வருவதே நோக்கம்.

வர்ஜீனியா மாநிலத்து லாங்லி ஆய்வு மையம், மேரிலாந்து மாநிலத்து கோடார்டு மையம் ஆகியவற்றைக் கண்டபின், வாலப்ஸ் தீவிலுள்ள ஏவுதளத்தில் அவர் பயின்றார். எம்.ஐ.டி.யில் பயின்ற மற்றொரு தமிழரான ஆர். அரவமுதன் அவர்களும் அப்போது அங்கே பயிற்சியில் இருந்தார். உருளைக்கிழங்கு மசியல், வேகவைத்த பட்டாணி, ரொட்டி, பால் என்று கிடைத்ததைக் கொண்டு நாட்களை ஓட்டியதை அரவமுதன் பின்னாளில் எழுதியுள்ளார். அயல்நாட்டு விடுதியில் உணவுக்கு அல்லற்படும் இன்றைய பிள்ளைகள் இதனை அறிந்தால் சற்று ஆறுதல் கொள்வார்கள்.

வாலப்ஸ் தீவின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டதாகக் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். போர்க்களம் ஒன்றில் வீரர்கள் ராக்கெட்டுகளை ஏவுகிறார்கள். அவ்வீரர்களின் தோற்றமோ நம் நாட்டாரின் தோற்றம். அருகில் சென்று பார்த்தபோது, அது ஆங்கிலேயரை எதிர்த்த திப்பு சுல்தானின் படை என்று தெரிந்தது. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சென்ற ராக்கெட்டுகளே, இங்கிலாந்தில் காங்ரீவ் என்பார் செய்த ராக்கெட்டுகளுக்குத் தூண்டுதலாயின. நம் வீட்டுச் செல்வத்தின் மதிப்பைப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்று அறிய நேர்கிறது. வெளிநாட்டுக் கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்று.

பயிற்சி முடிந்தது, இருவரும் திரும்பினர். அவர்களை வரவேற்றது பெரும் ஆய்வுக்கூடம் எதுவுமன்று. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா என்னும் மீனவர் கிராமத்தில், கிறித்தவப் பெருமக்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்த மாதா கோவில் கட்டடமே அவர்களுடைய பணிக்கூடம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து நைக்கி அப்பாச்சி என்னும் ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட்டின் பாகங்களை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. ரேடார், தொலையளவு முதலியவை அரவமுதனின் பொறுப்பு. கடைசி நேரத்தில், ராக்கெட்டைத் தூக்கி வைக்கும் கிரேனில் கசிவு ஏற்பட்டது. பழுது பார்க்க நேரமில்லை. கூடியிருந்தோர் அனைவரும் சேர்ந்து கைகளாலேயே தூக்கி ஏவுமேடையில் வைத்தனர். அன்று மாலை அந்த ராக்கெட் 200 கிலோமீட்டர் அளவுக்கு உயர்ந்து, சோடியம் ஆவியை வெளியிட்டு வானத்தை வண்ணமயமாக்கியது.

அது அமெரிக்காவில் செய்த ராக்கெட். நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, நம் நாட்டிலேயே செய்த முதல் ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. 1980 ஜூலை 18 அன்று, கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. அந்த ஸ்ரீஹரிகோட்டா மையத்தின் இயக்குநராகவும் அரவமுதன் பணியாற்றினார். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டை அடுத்திருக்கும் தீவு அது. அங்கே ராக்கெட் ஏவப்படும்போது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மக்கள் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறார்கள். 1963 இல் ஊர் திரும்பிய இளைஞர்கள் தொடங்கி வைத்த பணியின் தொடர்ச்சியே அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

பெட்டி கட்டும் முன்னர்

நாசா சென்ற அறிஞர்களுக்கு அரசாங்கம் துணை நின்றது. நம் பிள்ளைகள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே நடைமுறைக்கு வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, மதிப்பெண். ஐரோப்பிய நாடுகளில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது பொது அளவு. அங்கே பெற்ற கிரெடிட் இங்குள்ள கல்லூரியின் கணக்கில் ஏறினால்தான் அந்த ஆறு மாதம் வீண்போகாது. நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட விதிகளின்படி, இரு நாட்டுக் கல்லூரிகள் இணைந்து நடத்தும் ட்வின்னிங் படிப்புகளில், மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டில் பெறலாம். புறப்படும்போது இரு கல்லூரிகளும் ஒப்புக்கொண்ட பாடப் பட்டியலோடு, உண்மையில் எழுதிய தேர்வுகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். மாறியிருந்தால் அங்கிருக்கும்போதே எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். மதிப்பெண் சான்றிதழ் பெரும்பாலும் நீங்கள் ஊர் வந்த பின்னரே அனுப்பப்படும். எனவே அதனை அனுப்பும் அலுவலகம் எது, அலுவலர் யார், பாடத்திட்ட விவரம் எங்கே கிடைக்கும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பயணத் தேதி. மலிவாகக் கிடைக்கிறதென்று முன்கூட்டியே பயணச்சீட்டு வாங்கிவிடுவது நம் வழக்கம். ஜெர்மனி போன்ற நாடுகளில் வகுப்புகள் முடிந்த பிறகும் தேர்வுகள் பல வாரங்கள் நீள்வதுண்டு. தேர்வுத் தேதி தெரியாமல் பயணச்சீட்டு வாங்குவது பாடத்தையே இழக்கச் செய்யும்.

மூன்றாவது, வீடும் அரசு அலுவலகமும். அறையை விடுவதற்கு எத்தனை மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அறையைத் துப்புரவு செய்து, சுவர், கதவு, அடுப்பு யாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு சாவியை ஒப்படைத்தால், முன்பணத்தைக் கேட்டுப் பெறுவது எளிது. ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவை நீக்குவதற்கு, வீட்டை விட்டு வெளியேறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, வெளியேறிய இரண்டு வாரங்கள் வரை கால வரம்பு உண்டு. அந்தப் பதிவு நீக்கச் சான்றைக் காட்டினால் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தை முடித்துக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீடு, கைப்பேசி ஒப்பந்தம் ஆகியவற்றையும் நிறுத்துங்கள். வங்கிக் கணக்கை மட்டும், முன்பணம் திரும்பி வரும் வரை மூடாதீர்கள்.

நான்காவது, கடன். உடன் தங்கிய நண்பரிடம் வாங்கிய பத்து யூரோவானாலும், நூலகத்துப் புத்தகமானாலும் திருப்பிக் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும். கற்பித்த ஆசிரியரை நேரில் கண்டு நன்றி சொல்லுங்கள். நாளை மேற்படிப்புக்கோ வேலைக்கோ பரிந்துரைக் கடிதம் தரப்போகிறவர் அவரே. துன்ப காலத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து அறைத் தோழரையும், நோன்பு திறக்க அழைத்த பள்ளிவாசல் ஜமாஅத்தாரையும் மறவாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

திரும்பி வந்த பிள்ளை சில நாட்கள் மகிழ்ச்சியாக இருப்பான். பிறகு காரணமின்றி வாடுவான். நம் ஊர் ரயில் நெரிசல் அவனுக்கு எரிச்சலூட்டும். "அங்கே இப்படி இல்லை" என்று வாய்க்கு வாய் சொல்வான். "ஆறு மாதம் போய் வந்ததற்குள் இவ்வளவு பெருமையா?" என்று நாம் கோபித்துக்கொள்கிறோம்.

இதனை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1955 இல் லிஸ்கார்ட் என்னும் நார்வே நாட்டறிஞர், அமெரிக்கா சென்று வந்த தம் நாட்டு மாணவர்களையும் அறிஞர்களையும் விசாரித்து, அயல்நாட்டில் முதலில் மகிழ்ச்சி, பிறகு சோர்வு, பிறகு தெளிவு என்று மனநிலை மாறுவதைக் கண்டார். 1963 இல் கல்லஹார்ன் தம்பதியர், தாய்நாடு திரும்பிய பின்னரும் இதே இறக்கமும் ஏற்றமும் மறுபடியும் நிகழ்கின்றன என்று எடுத்துக்காட்டினர். ஆகவே அந்த வாட்டம் நன்றி கெட்டதனமும் அன்று, நோயும் அன்று. கடந்து போகும் ஒரு பருவம்.

அந்தப் பருவத்தில் பிள்ளைக்கு வேண்டியது, கேட்கும் காதும் செய்வதற்கு ஒரு வேலையுமே. "எவ்வளவு கொண்டுவந்தாய்?" என்று கேளாதீர்கள். "என்ன கற்றாய்? எங்களுக்குச் சொல்" என்று கேளுங்கள். "அங்கேயே இருந்திருக்கலாமே" என்பாரிடம், செமஸ்டர் பரிமாற்றத்தில் சென்றவர் இங்குள்ள கல்லூரியில்தான் பட்டம் பெற வேண்டும், பாதியில் நின்றால் பட்டமே கைநழுவும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூட்டிவைத்து, விண்ணப்பம் எழுதியது முதல் ஊர் திரும்பியது வரை அனைத்தையும் அவனை, அல்லது அவளை, பேசச் செய்யுங்கள். அடுத்துச் செல்லும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எத்தனையோ அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எமக்கு எழுதிய மாணவருக்கு நாம் எழுதிய மறுமொழி சுருக்கமானதே. "தம்பி, அச்சம் வேண்டாம். சான்றிதழ்களை ஒழுங்குபடுத்து, கடன்களை அடைத்துவிடு, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டு வா. நீ கற்றதைக் கேட்க இங்கே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்."

கற்கச் சென்ற நம் பிள்ளைகள் யாவரும் நலமே திரும்பி, தாம் பெற்றதைத் தம் ஊருக்கும் பகிர்ந்தளிக்க வல்ல நாயன் அருள் புரிவானாக!