பூசிய எண்ணெய் அழகு... துடைத்த துணி ஆபத்து! துப்பாக்கிக் கட்டை சொல்லும் பாடம்

துப்பாக்கி என்றதும் இரும்புக் குழல்தான் நினைவுக்கு வரும். ஆனால், இங்கிலாந்தின் பாரம்பரிய வேட்டைத் துப்பாக்கிகளில் முதலில் கண்ணைப் பறிப்பது, தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைதான். 1814-ல் லண்டனில் தொடங்கப்பட்ட பர்டி போன்ற நிறுவனங்கள், இதற்காகவே துருக்கி வால்நட் மரத்தைத் தேடி வாங்குகின்றன. அதிக எடை இல்லை, சுடும்போது வரும் அதிர்வைத் தாங்கும், எளிதில் வளையாது.

உள்ளங்கைச் சூடுதான் கருவி!

மரத்தை உப்புத்தாளால் இழைத்ததும் நேராக எண்ணெய் பூசுவதில்லை. முதலில் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஈரம் பட்டதும் மரத்தின் மெல்லிய நார்கள் மீசை முடிபோல எழுந்து நிற்கும். காய்ந்த பிறகு அவற்றையும் தேய்த்து எடுத்தால்தான் கட்டை வழுவழுப்பாகும்.

அடுத்தது நிறம். அல்கனெட் என்ற செடியின் வேரை ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்தால், எண்ணெய் செக்கச்செவேலென மாறும். காஷ்மீர் ரோகன்ஜோஷுக்கு நிறம் தரும் ரத்தன்ஜோத் வேரும் இதே தாவரக் குடும்பம்தான். இந்தச் சிவப்பு எண்ணெய் பட்டதும் வால்நட்டின் ரேகைகள் பளிச்செனத் தெரியும்.

பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. சில சொட்டு எண்ணெய், உள்ளங்கை சூடேறும் வரை தேய்ப்பு, பிறகு ஒரு நாள் காயவிடுதல். 'ஒரு வாரத்துக்கு தினமும், ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை, ஒரு வருடத்துக்கு மாதம் ஒருமுறை, அதன்பின் ஆயுளுக்கும் வருடம் ஒருமுறை' என்பது கைவினைஞர்களிடம் புழங்கும் பழைய கணக்கு. அவசரப்பட்டு அதிகமாகப் பூசினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

தீக்குச்சி இல்லாமல் தீ!

தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. ஆளி விதை எண்ணெய் அப்படியல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. அப்போது வெப்பம் உண்டாகும். மரத்தின்மேல் மெல்லிசாகப் பரவியிருந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். அதே எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், வெப்பம் உள்ளேயே சேர்ந்து துணி தானாகவே பற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த 38 மாடிக் கட்டடம் ஒன் மெரிடியன் பிளாசா. 1991 பிப்ரவரி 23 அன்று அதன் 22-வது மாடியில் தீப்பிடித்தது. மர வேலைப்பாடுகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் உயிரிழந்தனர். மேலே பரவிய தீ, 30-வது மாடியில் இருந்த தானியங்கி நீர்த் தெளிப்பான்களால்தான் அடங்கியது.

உங்கள் வீட்டிலும் கவனம்!

பெயின்ட் கடைகளில் 'லின்சீட் ஆயில்' என்று கிடைப்பது இதே எண்ணெய்தான். கதவு, நாற்காலி, பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டை என எதற்குப் பூசினாலும் சில விஷயங்களை மறக்க வேண்டாம்.

* துடைத்த துணியைக் கசக்கி, சுருட்டி வைக்காதீர்கள்.

* வீட்டுக்கு வெளியே, தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில், ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள்.

* முடியாவிட்டால், மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் மூழ்க வையுங்கள்.

* ஈரத்துணியைக் குப்பைக்கூடையிலோ அழுக்குத்துணிக் கூடையிலோ போடவே போடாதீர்கள்.

மட்டைக்கு எண்ணெய் தடவப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, துணியை எங்கே காயப்போட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.