உத்திரமேரூர்ச் சபைவிதிகள்: ஈராண்டு இடைவெளியில் ஒரு திருத்தம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகளும் குடவோலை முறைக்குச் சான்றாகச் சேர்த்தே எடுத்தாளப்படுகின்றன. ஒப்பிட்டு வாசிப்பின், பின்னது முன்னதன் திருத்தம் என்பது புலனாகும். வாரிய உறுப்பினர்க்கு 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை 35 முதல் 70 வரை என மாறியது. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். வேதமும் பாடியமும் கற்றவர்க்கு அரைக்கால்வேலியே போதும்.

பின்னதில் கருதத்தக்கது, முறைகேட்டை எதிர்பார்த்து எழுதப்பட்ட அதன் நுட்பமாகும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் தாய்வழி, தந்தைவழி உறவினரும் முறைப்பெயர் சுட்டி விலக்கப்படுகின்றனர். ஓலையை எடுப்பவன் உள்ளிருப்பது அறியாச் சிறுவன். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலையை மாற்றிவைக்கும் கைத்திறனுக்கு இதில் இடமில்லை. இத்தகைய விதி, முன்பு நேர்ந்த ஏதோவொரு பிழையின் தடயமாகலாம்.

இதனை இன்றைய மக்களாட்சியின் முன்வடிவம் எனல் மிகை. இது பிரமதேயம் ஒன்றின் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே உரியது. விதிகள் வகுக்கப்பட்டபோது அரசாணையின்படி அரசனின் அதிகாரி ஒருவரும் சபையோடு உடனிருந்தார்.