சிகாகோவுக்கு வழிச்செலவு கொடுத்த சென்னைத் தெருக்கள்

இந்த மலருக்கு விளம்பரம் கேட்டு நாங்கள் நாலு பேர் கடை கடையாக ஏறி இறங்கினோம். "நாளைக்கு வாங்க தம்பி" என்ற பதில்தான் அதிகம். அப்போது எனக்கு அளசிங்கப் பெருமாள் ஞாபகம் வந்தது. யார் அவர் என்கிறீர்களா? விவேகானந்தர் சிகாகோவில் பேசினார் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். அவரைக் கப்பல் ஏற்றிவிட்டது யார் என்றால் நம்மில் பலரும் முழிப்போம்.

அளசிங்கர் 1865-ல் பிறந்தவர். சென்னையில் பச்சையப்பன் பள்ளி ஆசிரியர். குடும்பஸ்தர், வசதி கிடையாது. 1893-ன் தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் வசூலித்த சுமார் 500 ரூபாயை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் சுவாமிஜி! நாமாக இருந்தால் அத்தோடு ஆளை விட்டிருப்போம். அளசிங்கர் விடவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போனார். நடுத்தரக் குடும்பங்களும் கொடுத்தன. கேத்ரி மன்னரும் உதவினார். மே 31-ல் பம்பாயில் கப்பல் புறப்பட்டது.

ஜூலை கடைசியில் சிகாகோ போனால், சர்வமத சபை செப்டம்பர் 11-ல்தான் என்றார்கள். பேசுகிறவருக்கு ஓர் அமைப்பின் கடிதம் வேண்டும். பெயர் கொடுக்கும் தேதியும் முடிந்துவிட்டதாம். போனவருக்கும் தெரியவில்லை, அனுப்பியவர்களுக்கும் தெரியவில்லை. ஹால் டிக்கெட் இல்லாமல் பரீட்சைக்குப் போன கதைதான்! செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். ஆகஸ்ட் 20-ந் தேதி அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு நாளைக்கு ஒரு பவுன் செலவாகிறது, இங்கே வைத்திருக்க முடியாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்பவாவது பணம் அனுப்புங்கள் என்கிறார். ஹாஸ்டல் பையன் வீட்டுக்கு எழுதுகிற லெட்டர் மாதிரியே இல்லை?

ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் அம்மையார் மூலம் ஹார்வர்டில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ரைட்டின் பழக்கம் கிடைத்தது. அவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். சிகாகோ திரும்பிய சுவாமிஜி போக வேண்டிய விலாசத்தைத் தொலைத்துவிட்டு, ராத்திரி ரயில்வே யார்டில் ஒரு பெட்டிக்குள் படுத்தார். காலையில் ஹேல் அம்மையார் அழைத்து உபசரித்த பிறகுதான் சபைக்குப் போனார்.

ஆனால் ஒரு பேச்சு இயக்கம் ஆகிவிடாது. கைதட்டல் ஓய்ந்ததும் ஊர் ஊராகச் சொற்பொழிவு, வகுப்பு. யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. 1894-ல் நியூயார்க்கில் வேதாந்த சங்கம் தொடங்கியது. இங்கே சென்னையில் 1895-ல் அளசிங்கர் 'பிரம்மவாதின்' ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். அடுத்த வருஷம் வந்த 'பிரபுத்த பாரதா'வுக்கு ஆசிரியர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர். அப்போது வயசு 24. இரண்டே வருஷத்தில் காலமானார்.

1897 மே 1-ல் கல்கத்தாவில் ராமகிருஷ்ணா மிஷன் உருவானது. நம்ம பக்கத்தில்கூட, கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி பஸ் ஏறினால், வழியில் நாட்டறம்பள்ளியில் அவர்கள் மடம் இருக்கிறது.

வெளிநாடு போன சாமியாருக்கெல்லாம் மாலை மரியாதைதான் என்று நினைக்க வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் கோயில் எழுப்பியவர் சுவாமி திரிகுணாதீதானந்தர். 1906 பூகம்பத்திலும் அந்தக் கட்டடம் தப்பியது (சிவில் நண்பர்கள் கவனிக்க!). ஆனால் 1914 டிசம்பரில் பழைய சீடர் ஒருவர் வீசிய குண்டில் காயமடைந்து, அடுத்த மாதம் அவர் உயிர் விட்டார்.

அளசிங்கர் அமெரிக்காவைப் பார்த்ததே இல்லை. 1899-ல் சுவாமிஜி இரண்டாம் முறை மேல்நாடு போகும்போது கப்பல் சென்னையில் நின்றது. பிளேக் பயத்தால் கல்கத்தா பயணிகளை இறங்க விடவில்லை. பத்திரிகை விஷயமாகப் பேச வேண்டுமே! அளசிங்கர் கொழும்புக்கு டிக்கெட் வாங்கி அதே கப்பலில் ஏறிவிட்டார். மொட்டைத் தலை, நெற்றியில் தென்கலை நாமம், கையில் கட்டுச்சோறாக இரண்டு சின்ன மூட்டை. ஒன்றில் வறுத்த அவல். இன்னொன்றில் பொரியும் வறுத்த பட்டாணியும். சுவாமிஜியே தம் பயணக் குறிப்பில் இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதி வைத்திருக்கிறார்.