மூச்சுக் கருவியும் நோயாளர் வாக்கும்

குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமென நம்மூரிற் பலர் கருதுவதுண்டு. எப்பொழுதும் அஃது அவ்வாறன்று. சிலருக்கு உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும். குருதியிற் பிராணவாயு குறையும். மூளை திடுக்கிட்டு உறக்கத்தைக் கலைக்கும். ஓரிரவிலே பன்முறை இவ்வாறு நிகழ்வதாற் பகலெல்லாம் கண்ணயரும். வாகனம் ஓட்டுவோர்க்கு இது பேராபத்து.

மூக்கிற் கவசமொன்றைப் பொருத்தி, அழுத்தமுள்ள காற்றை இடையறாது செலுத்தி, அவ்வழியைத் திறந்துவைக்கும் முறையை 1981 ஆம் ஆண்டிற் சிட்னி நகரத்துக் கொலின் சலிவனும் துணைவரும் வெளியிட்டனர். நம் பழைய மாணவருள்ளும் மூத்தோர் சிலர் இன்று இக்கவசத்துடன் துயில்வர்.

கருவி பயன் தரும், ஆனால் அணிந்தாலன்றோ? "நாடோறும் அணிகிறேன்" என்று நோயாளர் கூறுவதை எவ்வளவுக்கு நம்பலாம்? 1993 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, 35 நோயாளரின் கருவிகளுள் அவரறியாமற் பதிவுக் கருவி வைக்கப்பட்டது. கவசத்துக் காற்றழுத்தத்தை அது நிமிடந்தோறும் குறித்தது. இரவுதோறும் அணிவதாகச் சொன்னோர் நூற்றுக்கு 60 பேர். பத்து நாளில் ஏழு நாளாவது நான்கு மணி நேரம் அணிந்தோரோ 35 பேருள் 16 பேரே. அணிந்த நேரத்தையும் சராசரி 69 நிமிடம் கூட்டியே சொல்லியிருந்தனர்.

இவர்களைப் பொய்யரென்றல் நீதியன்று. படுக்கையிற் கவசத்தைப் பூட்டியது நினைவிருக்கும். நடுச்சாமத்திலே அரைத்தூக்கத்திற் கழற்றி எறிந்ததை யாரறிவார்? வைத்தியர் முகஞ் சுளிப்பாரே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கின்றது. பள்ளியில் வீட்டுவேலை செய்யாது வந்த நாளை நினைவுகூர்வோர்க்கு இது விளங்கும்.

சிக்கல் புதியதுமன்று. 1956 இற் சென்னையில் தொடங்கிய கசநோய்ச் சிகிச்சை நிலையத்திலே வொலஸ் பொக்ஸ் முதலிய வைத்தியர்கள் நோயாளரை வீட்டிலிருத்தியே மருந்து கொடுத்துப் பார்த்தனர். வாய்ச்சொல்லோடு அமையாது, முன்னறிவித்தலின்றி வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர்; சிறுநீரையுஞ் சோதித்தனர். வீட்டுச் சிகிச்சை வைத்தியசாலைச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என 1959 இல் வெளிவந்த முடிவுக்கு அச்சோதனைகளும் துணைநின்றன.

இன்றைய கருவிகள் அணிந்த நேரத்தைத் தாமே பதிகின்றன. அப்பதிவைக் காணாது சொல்லை மாத்திரம் கொள்ளும் வைத்தியர், பயனில்லையென்று காற்றழுத்தத்தைக் கூட்டிவிடலாம், சிகிச்சையையே கைவிடவுங்கூடும். உண்மையிலே குற்றம் கவசத்தின் அளவிலோ மூக்கின் உலர்விலோ இருந்திருக்கும். "ஏன் அணியவில்லை?" என்பதற்குப் பதிலாக "எங்கே உறுத்துகிறது?" என்று கேட்டாற் பாதி உண்மை தானே வெளிவரும்.